குடிக்காமல் வைத்த காப்பி

தல் ஸைத்
12 ஏப்ரல் 1995

அன்புத் தம்பி ஹாயிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்மீதும் உன் வீட்டுக்காரி இனாம்மீதும் பிள்ளைகள்மீதும் அல்லாஹ்வின் அருள் இறங்கட்டும். நான் நலம். என் முழங்கால் மட்டும் வானொலிக்கு முன்னால் மழையை அறிவிக்கிறது. ஜித்தா வெயிலில் உன் தலைவலி எப்படி?

ஊர் வீங்கிக்கொண்டே போகிறது. பல்கலைக்கழகத்தில் இந்த வருடம் மேலும் இரண்டு துறைகள். அறை கேட்டு அலையும் மாணவர்களைப் பார்த்து, பக்கத்து வீட்டு உம்மு ஜிர்யிஸ் தன் கோழிக்கூட்டுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்டுவிட்டாள். கோழிகள் மாடிப்படியில் தூங்குகின்றன. கேட்டால், "கோழி நெனச்சாத்தான் முட்டை போடும், பையன் மாசாமாசம் தப்பாம போடுறான்" என்கிறாள்.

உனக்கு எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. நகராட்சிச் சுவரில் புதிய நகரத் திட்டத்தின் வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் வடக்கு வாசலிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஒரு சாலை போடப்போகிறார்கள். பழைய வரைபடத்தில் அது முள்காட்டு வழியாக நேராகப் போனது. புதியதில் எங்கள் பெண்கள் பள்ளியை ஒட்டிய பைன் தோப்பைப் பிளந்துகொண்டு போகிறது. போன குளிர்காலத்தில் சவ்சன் என்ற இரண்டாம் வகுப்புக் குழந்தை பெரிய தெருவில் மினிபஸ்ஸில் அடிபட்டதை எழுதியிருந்தேனே. இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் தோப்பு வழியாக வருகிறார்கள். தோப்பையே சாலையாக்கினால் மினிபஸ் பள்ளி வாசலுக்கே வந்துவிடும்.

ஆட்சேபணை சொல்ல ஜூன் பதினைந்து கெடு. சாலையோரம் நிலம் உள்ளவர்கள்தான் சொல்லலாமாம். சாலை நம் ஆலிவ் நிலத்தின் மூலையைத் தொட்டுத்தான் போகிறது. அப்பா விட்டுப்போனதில் உனக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒன்று. இருவர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார் எழுத்தர். தூதரகத்தில் ஒரு பவர் பத்திரம் எழுதி என் பெயருக்கு உடனே அனுப்பு.

ஜூலை நகராட்சித் தேர்தலுக்கு நம் குடும்பத்தின் வேட்பாளர் யார் என்று ஆண்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். சித்தப்பா மகன் தய்சீர் ஜெயித்தான். பெண்களுக்கு அதில் ஓட்டு இல்லை, அவர்கள் சாப்பிட மன்சஃப் விருந்து சமைக்கும் உரிமை இருந்தது. ரமலானில் அவன் மக்காவுக்கு உம்ரா யாத்திரை வந்தானே, உன் வீட்டுக்கு வந்தானா? என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளை என் சார்பில் முத்தமிடு.

உன் அக்கா,
ஆதிபா

---

ஜித்தா
27 ஏப்ரல் 1995

பாசமுள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்த அன்று வீடே பெருநாள் போல இருந்தது. உம்மு ஜிர்யிஸின் கோழிக் கதையை இனாமுக்கு வாசித்துக் காட்டினேன், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெரியவன் ராமி இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடிக்கிறான். மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

ஹஜ் கூட்டம் தொடங்கிவிட்டது. ஆய்வகத்தில் மூச்சு விட நேரமில்லை. தூதரகத்திலும் கூட்டம்தான். போகிறேன். நீ அதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைபடத்தின் முன்னால் நிற்காதே. வரைபடங்கள் வருடத்துக்கு ஒரு தடவை மாறும், நம் முழங்கால் ஒன்றுதான். ஊர்க்காரர் ஒருவர் கையில் ஏலக்காய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நல்ல பச்சை. காப்பிக்கு இரண்டே போதும்.

உன் துஆவை வேண்டும் தம்பி,
ஹாயில்

---

தல் ஸைத்
14 மே 1995

அன்புத் தம்பிக்கு,

ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். ஏலக்காய் வந்தது. டப்பாவைத் திறந்ததும் தெருவே மணத்தது. ராமிக்கு என் துஆ உண்டு.

உன் கடிதத்தில் பவர் பத்திரம் இல்லை, அது பரவாயில்லை. தய்சீரும் இல்லையே? வந்தானா என்று கேட்டிருந்தேன்.

நான் மறுபடி நகராட்சிக்குப் போனேன். சன்னலுக்கு உள்ளே அதே எழுத்தர்.

"முள்காடு காலியாத்தான கிடக்கு. இந்த வளைவு எதுக்கு?" என்று கேட்டேன்.

"சர்வேயர் போட்டது, டீச்சர்."

"சர்வேயருக்குக் கழுத்துச் சுளுக்கா? நேராப் போறவரு இங்க வந்ததும் எதுக்குத் திரும்பிப் பாக்குறாரு?"

"எங்கிட்ட ஏன் டீச்சர் கோவப்படுறீங்க? நிலத்துக்காரரே மனுக் கொடுத்துக் கேட்டு வாங்கின வளைவு அது."

"எந்த நிலத்துக்காரரு?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தேநீர் ஆறுகிறது என்று சன்னலைச் சாத்திவிட்டார்.

அதிலிருந்து எனக்குத் தெருவில் யாரைப் பார்த்தாலும் மனுக் கொடுத்தவர் போலத் தெரிகிறது. கட்டட ஒப்பந்தக்காரர் அபூ ராத்திப் எதிரே வந்து ஸலாம் சொன்னார், பதில் சொல்லி முடிக்கும் வரை அவர் கையில் இருந்த பையையே பார்த்தேன். உம்மு ஜிர்யிஸுக்கும் அந்தப் பக்கம் ஒரு காய்கறித் துண்டு இருக்கிறதே என்று, அவள் கொடுத்த முட்டையை வேண்டாம் என்று திருப்பிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. என்னைத் தவிர யாரையும் சந்தேகப்படாமல் விட்டுவைக்கவில்லை நான்.

தய்சீரிடமும் போனேன். "அக்கா, ஊர் வளருது. நாலு மரத்தக் கட்டிக்கிட்டு அழுதா எப்படி?" என்றான். அவனுக்கு அங்கே ஒரு சாண் நிலமும் இல்லை. ஆனாலும் அவன் மனுக் கொடுத்தவர் யாரென்று தெரிந்த முகத்தோடு சிரித்தான். மடியில் கனமில்லாதவன் அப்படி வாசல் வரை வந்து வழியனுப்ப மாட்டான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? வளைவால் முகப்பு கிடைப்பது நம் ஆலிவ் நிலத்துக்கு. கடைகள் கட்டலாம், மாணவர் விடுதி கட்டலாம். யாரோ நம் காதில் பூவைச் சுற்றிவிட்டுப் பின்னால் எதையோ பிடுங்கப் பார்க்கிறார்கள். சீக்கிரம் கையெழுத்தை அனுப்பு.

உன் அக்கா,
ஆதிபா

---

ஜித்தா
28 மே 1995

அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம், நீ நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். தூதரகத்துக்குப் போனேன். கடவுச்சீட்டை வீட்டில் மறந்துவிட்டேன். அடுத்த வாரம் போக வேண்டும்.

ஒன்று யோசித்தாயா? அந்த ஆலிவ் மரங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காய்த்து நமக்கு என்ன தருகின்றன? ஊர் வளர்வது நல்லதுதானே. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பச் சொல்லலாம். உம்மு ஜிர்யிஸ் முட்டையைத் திருப்பாதே, பாவம்.

இங்கே வெயில் தாங்கவில்லை.

ஹாயில்

---

தல் ஸைத்
8 ஜூன் 1995

தம்பிக்கு,

ஸலாம். நலம். அங்கே அனைவரின் நலமும் அறிய ஆவல்.

போன வெள்ளி தொழுகைக்குப் பிறகு நம் வீட்டுக்கு ஊர்ப் பெரியவர்களின் ஜாஹா ஒன்று வந்தது. ஏழு பேர். நான் ஆட்சேபணை சொல்லக் கூடாது என்று கேட்டுப் போக வந்தார்கள். பேசினார்கள். நீ அனுப்பிய ஏலக்காய் போட்டுக் காப்பி வைத்தேன். போனார்கள். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கிறது.

ஆதிபா

---

ஜித்தா
19 ஜூன் 1995

அக்காவுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்கக்கூட மனம் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நீ என்ன காரியம் செய்துவிட்டாய்! ஹாஜி தியாப் எத்தனை கொலைவழக்கைச் சமாதானம் பேசித் தீர்த்தவர். அவர் கோப்பையைக் கீழே வைத்தால் மறுபேச்சுப் பேசாமல் "குடியுங்கள்" என்று சொல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? ஏழு கோப்பையும் ஆறிப்போகும்படி விட்டு, நாவை நனைக்காமல் அனுப்பியிருக்கிறாய். சித்தப்பாவை எந்தப் பக்கம் என்று கேட்டாயாமே! அப்பா இருந்திருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்? தேர்தல் நேரத்தில் நம் குடும்பத்தை ஊர் சிரிக்க வைத்துவிட்டாய்.

கோபத்தில் எழுதுகிறேன், மன்னித்துவிடு. ஆனால் யோசி.

ஹாயில்

---

தல் ஸைத்
30 ஜூன் 1995

தம்பி ஹாயிலுக்கு,

ஸலாம். நான் நலமா என்று கேட்டிருக்கிறாய். நலமில்லை.

என் போன கடிதத்தை எடுத்து மறுபடி படி. ஹாஜி தியாப் பெயர் அதில் இருக்கிறதா? சித்தப்பா வந்தார் என்று எழுதினேனா? காப்பி வைத்தேன் என்று எழுதினேன், குடிக்கவில்லை என்று எழுதினேனா? வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீ எதை எழுதுகிறாய் என்று பார்க்கக் காத்திருந்தேன். நடந்ததை இப்போது சொல்கிறேன். தய்சீர் தொலைபேசியில் உனக்குச் சொன்னதில் விட்டது ஏதாவது இருக்கலாம்.

ஏழு பேரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். சித்தப்பா எட்டாவது ஆளாக அவர்களோடு வந்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் அப்பாவின் மெத்தையில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சித்தப்பா, நீங்க கேக்க வந்தவரா, கொடுக்கிறவரா? ஒரு பக்கமா உக்காருங்க, கோப்பைய எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"உங்க அப்பா இடத்துல உக்காந்திருக்கேன்டி."

"அப்ப அவரு பேச்சும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

காப்பியை ஊற்றினேன். ஹாஜி தியாப் தன் கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல் தரையில் வைத்தார். மற்ற ஆறு பேரும் வைத்தார்கள். "ஆதிபாம்மா, ஒரு காரியமா வந்தோம். அது முடிஞ்சாத்தான் இந்தக் காப்பி. நீ ஆட்சேபணை கொடுக்கக் கூடாது. சொந்தத்துக்குள்ள சுவர் எழுப்பாத" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார். "அதுக்கென்ன ஹாஜி, நம்ம வீடுதான, காப்பியக் கு..."

குடியுங்கள் என்றால் கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம்; அந்தச் சொல் முழுதாக விழுந்திருந்தால் தோப்பு அன்றோடு போயிருக்கும். ஹாஜியின் கைகூடக் கோப்பைக்கு நீண்டுவிட்டது. நான் கத்தியே விட்டேன். "இந்த வீட்டுல அடுப்பு மூட்டினது நான், காப்பி கொதிக்க வச்சது நான். குடிங்கன்னு சொல்ற வாயும் என்னுதுதான். நான் சொல்லல!"

ஹாஜி கையை இழுத்துக்கொண்டார். வயதானவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "வீட்டுக்காரி சொல்லலப்பா, எந்திரிங்க" என்று மட்டும் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்டார்: "உன் தம்பி சம்மதம்னு சொல்லித்தான என்னக் கூட்டிட்டு வந்தாங்க. மனுவே அவன் பேர்லதானாமே. உனக்குத் தெரியாதாம்மா?"

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் அவரிடமே யாராவது பொய் சொல்லியிருக்கலாம் என்று உன் கடிதம் வரும் வரை உனக்காக எனக்குள்ளேயே வாதாடினேன். என் தம்பிக்குத் தெரியாமல் அவன் பெயரைப் பயன்படுத்திவிட்டார்கள், இதைக் கேட்டால் கொதித்துப்போவான் என்று நம்பினேன். நீயும் கொதித்துத்தான் எழுதியிருக்கிறாய், என்மேல். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா இறந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டதால் அழ முடியாமல் போனது, இப்போது சேர்த்து அழுதேன்.

ஜாஹா வந்த மறு வாரமே உம்மு ஜிர்யிஸிடம் போய் மன்னிப்புக் கேட்டிருந்தேன். "மூணு நாள் முட்டைக்குப் பதில் சொல்லு" என்று சண்டை போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள். அவள்தான் என்னை மாகாண அலுவலகத்துக்கு இழுத்துப் போனாள். ஒரு பங்குதாரர் கையெழுத்தே போதும் என்று அங்கே சொன்னார்கள். உன் கையெழுத்து தேவையே இல்லை, நம் எழுத்தர் சொன்னது யாருக்காகவோ சொன்ன பொய். கெடு முடியும் முன்பே ஆட்சேபணையைக் கொடுத்துவிட்டேன். அவளும் கொடுத்தாள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். தய்சீர் ரமலானில் உன் வீட்டுக்கு வந்தானா?

ஆதிபா

---

ஜித்தா
14 ஜூலை 1995

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். வந்தான். நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். மறுநாள் இருவரும் தூதரகத்துக்குப் போனோம், அவன் பெயரில் பவர் எழுதிக் கொடுத்தேன். மனு அதை வைத்துக் கொடுத்ததுதான்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ இப்படித்தான் செய்வாய் என்று தெரியும். என் வேலை ஆகஸ்டோடு முடிகிறது. ஒப்பந்தத்தை நீட்டவில்லை. உள்நாட்டுக்காரர்களை எடுக்கிறார்கள். பதினாறு வருடம் அடுத்தவர் இரத்தத்தைக் குப்பியில் பார்த்துக்கொண்டிருந்தேன், ஊருக்கு வந்து நான் என்ன செய்வேன்? ராமி என்ன படிப்பான்? தய்சீர் சொன்னான், முகப்பு மட்டும் கிடைத்தால் மேலே விடுதி, கீழே கடை, கடையில் அவனுக்கு ஒரு பங்கு என்று. அதில் உனக்கும் பங்கு உண்டு, நான் உன்னை ஏமாற்ற நினைத்ததில்லை.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். உனக்குப் பள்ளி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஊரில் மதிப்பு இருக்கிறது. எனக்கு அந்த ஆலிவ் மூலைதான் இருக்கிறது. ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொள். உன் தம்பி கேட்கிறான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி நாங்கள் வந்து சேர்வோம்.

ஹாயில்

---

தல் ஸைத்
25 ஜூலை 1995

தம்பி,

உன்மீதும் உன் வீட்டார்மீதும் அமைதி உண்டாகட்டும். வேலை போனதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பயத்தை என்னிடம் சொல்லாமல் தய்சீரிடம் சொல்லியிருக்கிறாய். நீ மறைத்ததில் எனக்கு அதிகமாக வலிப்பது அதுதான்.

தேர்தல் முடிந்தது. தய்சீர் ஜெயித்துவிட்டான். சித்தப்பா வாசலில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். நான் அவனுக்கு ஓட்டுப் போடவில்லை, அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "தெரியும்க்கா, அதனாலதான் பெண்கள் வரிசை முடியிற வரைக்கும் நெஞ்சு படபடன்னுச்சு" என்றான். பொல்லாதவன், சிரிப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி புதிய மன்றம் ஆட்சேபணைகளைக் கேட்கிறது. கொடுத்தவர் நேரில் பேசலாம். நான் பேசுவேன். சவ்சனையும் அவள் தாயையும் கூட்டிப் போகிறேன். அந்தக் குழந்தை வாசலிலிருந்து மேசை வரை நடந்தால் போதும், நான் பேச அதிகம் இருக்காது.

ஹாயில், கேள். பத்தாம் தேதி வந்ததும் பவரை ரத்து செய்து, மனுவைத் திரும்பப் பெற்றுவிடு. சாலை முள்காட்டுக்கே போய்விடும், மரங்களும் பிள்ளைகளும் இருந்த இடத்தில் இருப்பார்கள். ஆலிவ் நிலத்தில் என் பங்கையும் உன் பெயருக்கே எழுதித் தருகிறேன். விற்றுக்கொள், ராமியைப் படிக்க வை. முகப்பு இல்லாத நிலம் குறைந்த விலைக்குத்தான் போகும் என்பது எனக்கும் தெரியும். என்னிடம் கொடுக்க இருப்பது அதுதான்.

உங்கள் அறையில் புதுத் திரை போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மாடியில் காற்று வரும். கத்தரிக்காயும் எண்ணெயில் ஊறப்போட்டாகிவிட்டது.

உன் அக்கா,
ஆதிபா

---

ஜித்தா
3 ஆகஸ்ட் 1995

அக்காவுக்கு,

ஸலாம். அனைவரும் நலம். சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சின்னவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. அதனால் முதலில் சில நாள் சித்தப்பா வீட்டில் இறங்குகிறோம். அங்கே கீழ்த்தளம் காலியாக இருக்கிறதாம். நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே. முன்னால் வருகிறவர் கையில் உனக்கு ஏலக்காய் கொடுத்திருக்கிறேன்.

ஹாயில்

---

தல் ஸைத்
13 ஆகஸ்ட் 1995

இரண்டு தெரு தள்ளி இருக்கும் தம்பி ஹாயிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பயணம் சுகமாக முடிந்தது என்று உம்மு ஜிர்யிஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தையும் அவள்தான் கொண்டுவருகிறாள். ஜித்தாவுக்குப் போட்ட கடிதம் பத்து நாளில் போகும், சித்தப்பா வீட்டுக்கு எத்தனை நாள் ஆகுமோ என்று அவளிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நேற்று ராமி மட்டும் வந்தான். உன் உயரம், உன் மூக்கு. "அத்தை, உங்களுக்கும் அப்பாவுக்கும் என்ன சண்டை?" என்று கேட்டான். சாலையைப் பற்றிப் பேச்சு என்றேன். தோப்பைப் பார்க்க வேண்டும் என்றான், கூட்டிப்போய்க் காட்டினேன். திரும்பும்போது மரங்களை எண்ணிக்கொண்டே வந்தான். அவனை நான் எதற்கும் தூண்டவில்லை, இதையாவது நம்பு.

நாளை மறுநாள் மன்றம் கூடுகிறது. நீ மனுவைத் திரும்பப் பெறவில்லை என்று தெரியும். நான் போவேன், பேசுவேன். அங்கே நீ தய்சீர் பக்கம் உட்கார்ந்திருந்தால் உன்னைப் பார்த்துக்கொண்டே பேசுவேன்.

அதற்கு முன் நாளை மாலை வா. கேட்பதைச் சித்தப்பா மூலமும் ஹாஜி மூலமும் கேட்காதே, நீயே வந்து கேள். உன் ஏலக்காயைத்தான் போட்டிருப்பேன், இரண்டே இரண்டு. நீ கோப்பையைக் கீழே வைப்பாய். குடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆறி முடிகிற வரைக்கும் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா,
ஆதிபா